வலப்பக்கத்து நாக்கு

அத்தியாயம் 14

காலையில் முகம் துடைத்த துண்டில் ரத்தம் இருந்தது. எங்கிருந்து வந்ததென்று கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. தூக்கத்தில் நாக்கைக் கடித்திருக்கிறாள். வலது ஓரத்தில் பல் பதிந்த தடம் பிறை மாதிரி இருந்தது. வலிக்கவில்லை. வலித்தால் தேவலையே என்றுதான் இருந்தது அவளுக்கு.

நாக்கின் வலப்பாதி மரத்துப்போய் ஏழு மாதமாக இதே பாடு. சூடான காபி பட்டுக் கொப்பளம் போட்டாலும் தெரியாது. பேசும்போது ‘ச’வும் ‘ட’வும் ‘ழ’வும் வழுக்கிக்கொண்டு போகின்றன. இடப்பக்கம் உயிரோடு இருந்தும் பிரயோசனமில்லை. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

வேறு வேலையில் இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளியிருப்பாள். அவளுக்கு நாக்குதான் பிழைப்பு. பிஸ்கட் கம்பெனியில் பதினோரு வருஷமாக ருசி பார்க்கிற வேலை. எண் ஒட்டின சின்னக் கிண்ணங்களில் வரும் துண்டுகளைக் கடித்து, மென்று, துப்பி, தண்ணீர் கொப்பளித்து, தாளில் மார்க் போட வேண்டும். மாவில் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் சொல்லிவிடுவாள். “மெஷின் தப்புப் பண்ணும், அந்தம்மா நாக்கு தப்புப் பண்ணாது” என்று கம்பெனியில் பேச்சு.

அந்த நாக்கு போன வாரம் தப்புப் பண்ணிவிட்டது. சோடா உப்பு கூடிப்போய்ச் சோப்பு மாதிரி கசந்த ஒரு லாட் பிஸ்கட்டை ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஏழு மாதமாகப் பக்கத்து நாற்காலிக்காரியின் முகத்தைப் பார்த்தே மார்க் போட்டுக்கொண்டிருந்தவள். அன்றைக்குப் பக்கத்து நாற்காலி காலி.

மேனேஜர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “உடம்புக்கு என்னன்னு ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் லீவுல இருங்க” என்றார்.

ஸ்பெஷலிஸ்ட். அந்த வார்த்தையை ஏழு மாதத்தில் அவளிடம் சொன்ன முதல் ஆள் பிஸ்கட் கம்பெனி மேனேஜர். பல் டாக்டர் இருக்கிற வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

கீழே கிளினிக், முதல் மாடியில் கணவனின் அண்ணன் குடும்பம், இரண்டாம் மாடியில் அவர்கள் இரண்டு பேர். அண்ணன் பல் டாக்டர். அண்ணி வரவேற்பு மேஜை. தம்பி, அதாவது அவள் கணவன், கிளினிக்கின் பின்னறையில் பல்செட் செய்கிறான். அந்தக் கட்டடத்தில் கிளினிக் சோற்றைத் தின்னாதவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அன்று மதியம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தாள். எக்ஸ்ரேயை வாங்கிக்கொள்ளக் கீழே இறங்கினாள்.

“வாம்மா, கிளம்பிட்டியா?” என்று அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், சிகிச்சை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவளை வேலைக்கான நேர்முகத்துக்குத் தன் ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிப்போய், மூன்று மணி நேரம் கேட் வாசலில் காத்திருந்தவர்.

“எக்ஸ்ரே மட்டும் எடுத்துட்டுப் போனா போதும். மத்ததெல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க.”

“சரிங்க மாமா.”

“புதுசா ஒண்ணும் சொல்லிட மாட்டாங்க. நரம்பு மெதுவாத்தான் முழிக்கும். வந்துடும்.”

வந்துடும். முதல் வாரம் ‘ஊசியோட மரப்பு, வந்துடும்’. அப்புறம் ‘வீக்கம் வத்தட்டும், வந்துடும்’. அப்புறம் ‘சில பேருக்கு ஆறு மாசம் கூட ஆகும்’. போன மாதம் யாருக்கோ ஒன்றரை வருஷம் கழித்து வந்ததாகச் சொன்னார். அவள் நம்பினாள். ஸ்கூட்டரோடு மூன்று மணி நேரம் காத்திருந்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

இத்தனைக்கும் அந்தப் பல் அவளுக்கு ஒரு நாளும் வலித்ததில்லை. கிளினிக்குக்குப் புது எக்ஸ்ரே மிஷின் வந்த அன்று, வீட்டில் உள்ள எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் பார்த்தார் பெரியவர். கல்யாணத்துக்குக் குரூப் போட்டோ எடுக்கிற மாதிரி ஒரே சிரிப்பும் கும்மாளமும். அவள் படத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். “கீழ வலது பக்கம் ஞானப்பல் படுத்துக் கிடக்கே! பின்னாடி தொந்தரவு குடுக்கும். சும்மா இருக்கும்போதே எடுத்துடலாம். ஞானப்பல்லுன்னு பேர்தான். இருந்தாலும் ஞானம் வராது, எடுத்தாலும் போகாது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

எடுக்கிற அன்று நாற்காலியில் உட்காருமுன் அவளாகவே கேட்டாள்: “ஏதாவது கையெழுத்துப் போடணுமா மாமா?” மேஜையில் மற்றவர்கள் போடுவதைப் பார்த்திருக்கிறாளே.

“நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு ஃபாரம்? வாயைத் திற” என்றார் அவர்.

அப்போது அது எவ்வளவு நிறைவாக இருந்தது!

அவர் மறுபடி உள்ளே போய்விட்டார். வரவேற்பு மேஜையில் இருந்த ஓரகத்தி, கதவு சாத்துகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு டிராயரைத் திறந்து, எக்ஸ்ரே கவரை எடுத்தாள். அதோடு அடியிலிருந்த முழு ஃபைலையும் எடுத்து இரண்டையும் துணிப்பையில் போட்டு நீட்டினாள்.

“அக்கா, எக்ஸ்ரே மட்டும் போதும்னு...”

“காது இருக்கு எனக்கு. பையை இறுக்கிப் பிடிச்சுக்கோ.”

“உள்ள என்னக்கா?”

“நான் பிரிச்சுப் பார்க்கல. நீயும் பஸ்ல பிரிக்காதே. அப்படியே அந்த டாக்டர் கையில குடு.”

சொல்லும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. போன் மணி அடித்தது. எடுத்து, தினமும் பேசுகிற அதே குரலில், “வணக்கம், பல் கிளினிக்” என்றாள்.

*

பெரிய ஆஸ்பத்திரியில் முக அறுவை சிகிச்சைப் பிரிவு மூன்றாவது மாடி. டாக்டரம்மா குள்ளமாக, நரைத்த கிராப்போடு, எதையும் இரண்டு தடவை சொல்லாத ஆளாக இருந்தார்.

“கண்ணை மூடுங்க. நாக்கை நீட்டுங்க. நான் தொடும்போதெல்லாம் விரலைத் தூக்குங்க.”

இடப்பக்கம் பஞ்சு பட்டது. விரலைத் தூக்கினாள். ஊசி முனை பட்டது. தூக்கினாள். அப்புறம் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா வேறு ஏதோ எடுக்கப் போயிருக்கிறார் என்று நினைத்தாள்.

“வலது பக்கம் ஆரம்பிக்கலையா டாக்டர்?”

“முடிச்சாச்சும்மா. பத்து இடத்துல குத்திப் பார்த்துட்டேன்.”

பிறகு சர்க்கரைத் தண்ணீர், உப்பு, புளிப்பு, கசப்பு என்று நாலு சொட்டு. நாக்கை உள்ளே இழுக்காமல் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் இதையே வேலையாகச் செய்தவள், பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளையைப் போல நாலுக்கும் விழித்தாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

“இந்தப் பல் வலிச்சுதா?”

“இல்லீங்க.”

“வீக்கம்? சீழ்? அடிக்கடி ஈறு வீங்கறது?”

“ஒண்ணும் இல்லீங்க. பின்னாடி தொந்தரவு வரும்னு எடுத்தாங்க.”

“ம். வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். நானா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டு, விட்டிருப்பேன்.” படத்தில் பேனாவால் காட்டினார். “பாருங்க, இதுல எலும்பு தெரியுது, வேர் தெரியுது. தாடைக்குள்ள ஓடற நரம்புக்கான குழாய் கூட தெரியுது. ஆனா நாக்குக்குப் போற நரம்பு இதுல விழாது. அது எலும்புக்கு உள்பக்கமா, ஈறு சதைக்கு அடியில ஒரு நூல் மாதிரி ஓடும். சில பேருக்குப் பல்லை ஒட்டியே ஓடும். யாருக்கு எங்கே ஓடுதுன்னு வெளியில இருந்து சொல்ல முடியாது.”

“அப்போ மாமா மேல... டாக்டர் மேல தப்பு இல்லையா?”

“நரம்புல படறது யாருக்கும் நடக்கலாம். எனக்கும் நடந்திருக்கு, ஒளிக்க மாட்டேன். அதனாலதான் வாயைத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடி, இப்படி ஒரு ஆபத்து இருக்கு, அபூர்வம்தான், ஆனா வந்தா உங்க ருசி போகும், பேச்சு போகும்னு சொல்லணும். எடுக்காம விட்டா என்ன ஆகும்னும் சொல்லணும். கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணணும். உங்களுக்கு நாக்கை வெச்சுத்தான் வேலைன்னு தெரிஞ்சிருந்தா நான் ரெண்டு மடங்கு சொல்லியிருப்பேன்.”

சொல்லிக்கொண்டே ஃபைலைப் புரட்டினவர், ஒரு தாளில் நின்றுவிட்டார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இது எனக்கு எழுதின லெட்டர்” என்றார்.

“உங்களுக்கா?”

“என் பேருக்குத்தான். நாக்கு நரம்பு அறுந்திருக்கலாம்னு சந்தேகம், பத்து வாரம் ஆச்சு, கொஞ்சமும் முன்னேற்றம் இல்லை, அவசரமாகப் பார்க்கவும். தேதி போட்டுக் கையெழுத்தும் இருக்கு. இது என்கிட்ட வரவே இல்லை.”

டாக்டரம்மா லெட்டரை மேஜையில் வைத்தார்.

“வந்திருந்தா?” என்று அவள் கேட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “திறந்து பார்த்து, அறுந்த முனையை முனையோட வெச்சுத் தைச்சிருப்பேன். மூணு மாசத்துக்குள்ள செஞ்சா நல்லா வரும். முழுசா இல்லேன்னாலும், பேச்சு தெளிவாகும், கடிச்சா வலிக்கும். ருசியும் கொஞ்சம் வந்திருக்கலாம்.”

“இப்போ?”

“ஏழு மாசம் ஆயிடுச்சும்மா. செய்யலாம். தொடு உணர்ச்சி கொஞ்சம் வரலாம். ருசிக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பொய் சொல்லி உங்களை மேஜையில படுக்க வைக்க எனக்கு இஷ்டமில்லை.”

அவள் தலையாட்டினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். எச்சில்தான் வந்தது, வலது கடைவாயோரம். கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள்.

“இன்னொண்ணு” என்று ஃபைலிலிருந்து வேறொரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார் டாக்டரம்மா. “சம்மதப் படிவம் இருக்கு. நாக்கு நிரந்தரமா மரத்துப்போகலாம், ருசி போகலாம்னு எல்லாம் தெளிவாத்தான் போட்டிருக்கு. பல் எடுத்த அன்னைக்குத் தேதி. உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லலைன்னு இவ்வளவு நேரம் நினைச்சேன். கீழே இருக்கறது உங்க கையெழுத்துதானே?”

அவள் பார்த்தாள்.

அவளுடைய பெயர். அவளுடைய கையெழுத்தின் அச்சு. ஆனால் கடைசி எழுத்தின் வாலை அவள் கீழே இழுப்பாள். இதில் அது மேலே சுழித்து நின்றது. அந்தச் சுழிப்பு அவளுக்குத் தெரியும். அவள் வேலைக்குப் போன நேரத்தில் வரும் பார்சலுக்கும், பதிவுத் தபாலுக்கும், குடியிருப்போர் சங்க நோட்டீசுக்கும் அவளுக்குப் பதிலாகப் போடப்படும் கையெழுத்து. “என்னைவிட நீங்கதான் என் கையெழுத்தை அழகா போடறீங்க” என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்.

“சொல்லுங்கம்மா. நான் குறிப்புல எழுதணும்.”

ஒரு வெளியாள் முன்னால் ‘இது என் வீட்டுக்காரர் போட்ட கள்ளக் கையெழுத்து’ என்று எப்படிச் சொல்வது? அவன் பின்னறையில் வெள்ளைத் தூசிக்கு நடுவே குனிந்து உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. போலீஸ் என்ற வார்த்தையும் வந்தது. யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“ஆமாங்க. என்னோடதுதான்.”

டாக்டரம்மா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பேனா ஓடியது. “அப்போ எல்லாம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எடுத்திருக்காங்க. சரி” என்றார். குரலில் முன்பிருந்த சூடு இல்லை.

கம்பெனிக்கான சான்றிதழை எழுதிக் கொடுத்தார். ருசி பார்க்கும் வேலைக்குத் தகுதியில்லை. ஒரே வரி.

*

பஸ்ஸில் திரும்பி வரும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். நடந்தே வந்தாள். மாலை வெயில் சாய்ந்திருந்தது. கிளினிக் முன்வாசல் வழியாகப் போகாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னறைக்குப் போனாள்.

அவள் கணவன் பாலிஷ் சக்கரத்தில் ஒரு மேல்வரிசை பல்செட்டைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தான். இளஞ்சிவப்புத் தூள் தலையிலும் புருவத்திலும் அப்பியிருந்தது. சுவர்ப் பலகையில் யார் யாருடையவோ தாடைகளின் மாவு அச்சுகள், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் எழுதின எண்.

அவள் சுவிட்சை அணைத்தாள். சக்கரம் முனகிக்கொண்டே நின்றது.

“என்ன சொன்னாங்க?” என்று முகக்கவசத்தை இறக்கினான்.

ஃபைலை மேஜையில் வைத்து, அந்தத் தாளை மட்டும் உருவி அவன் முன்னால் போட்டாள். அவன் தாளைப் பார்த்தான். ஃபைலைப் பார்த்தான். கதவைப் பார்த்தான்.

“இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?”

“எப்போ போட்டீங்க?”

“முதல்ல உட்காரு.”

“எப்போன்னு கேட்டேன்.”

‘எப்போ’ நன்றாக வந்தது. ‘கேட்டேன்’ வழுக்கிக்கொண்டு விழுந்தது. அவன் முகம் சுருங்கியது. அவள் பேச்சு வழுக்கும்போதெல்லாம் அவன் முகம் அப்படித்தான் சுருங்கும். பாவப்படுகிறான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டரை மாசம் கழிச்சு” என்றான் மெதுவாக. “அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்காம புத்தகத்தைப் புரட்டினாரு. நரம்பு போயிடுச்சுடா, உடனே அனுப்பணும்னாரு. அவராத்தான் லெட்டர் எழுதினாரு. சத்தியமா. ஆனா அனுப்பினா ஃபைலும் போகணும். ஃபைல்ல ஃபாரமே இல்லை. சொல்லாம எடுத்தது வெளியில தெரிஞ்சா லைசென்ஸே போயிடும்னு பயந்துட்டாரு. நீ போடுவியான்னு கேட்கச் சொன்னாரு.”

“கேட்டிருக்கலாமே. நான் போட்டிருப்பேனே!”

அது உண்மைதான். மாமா கேட்டிருந்தால் அவள் பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்திருப்பாள், வாய் பேசாமல். அவனுக்கும் அது தெரியும். குனிந்துகொண்டான்.

“கேட்டா நரம்பு போயிடுச்சுன்னு உன்கிட்ட சொல்லணுமே. உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? நானே போட்டுடறேன்னு சொன்னேன்.”

“அப்புறம் லெட்டரை ஏன் அனுப்பல?”

அவன் கையிலிருந்த பல்செட்டை மேஜையில் வைத்தான்.

“கையெழுத்தைப் போட்ட பிறகு பயமாயிடுச்சு. அங்க அந்த டாக்டர் உன்கிட்ட இதைக் காட்டிட்டா? நீ இது என்னுது இல்லைன்னு சொல்லிட்டா? இன்னிக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம்னு... அதுக்குள்ள தானா வந்துடும்னு நாங்க ரெண்டு பேரும் நினைச்சோம். சாமி சத்தியமா நினைச்சோம்.”

பத்து வாரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை. அந்த நாட்களில் என்ன நடந்தது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அவன் தினமும் காலையில் எழுந்ததும், “எப்படியிருக்கு? கொஞ்சம் பரவாயில்லையா?” என்று கேட்பான். அவனைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்று, “கொஞ்சம் பரவாயில்லை” என்பாள்.

“டாக்டரம்மா கேட்டாங்களா இதைப் பத்தி?” என்றான்.

“கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“என்னோட கையெழுத்துதான்னு சொன்னேன்.”

அவன் மூச்சு விட்டான். தோள் இரண்டும் இறங்கின. ஏழு மாதமாக அவள் பார்க்காத ஒரு தளர்வு அந்த முகத்தில் பரவியது. பிழைத்துக்கொண்டவனின் முகம். கையை நீட்டி அவள் கையைப் பிடிக்க வந்தான். விரல்களில் பிளாஸ்டிக் தூள்.

அவள் பின்னால் நகர்ந்தாள். கள்ளக் கையெழுத்தைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பாளோ என்னவோ. இந்த மூச்சை மன்னிக்க முடியாது என்று தோன்றியது.

“எனக்கு வேலை போச்சு” என்றாள். “அதை நீங்க கேட்கவே இல்லை.”

*

மாடிக்கு வந்து விளக்குப் போடாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். படியில் செருப்பில்லாத காலடிச் சத்தம். ஓரகத்தி.

“போயிட்டு வந்தியா?”

“எல்லாம் தெரிஞ்சுதான் ஃபைலைக் குடுத்தீங்களாக்கா?”

ஓரகத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “லெட்டர் தெரியும். நான்தான் டைப் அடிச்சேன். கவர்ல போட்டு ஸ்டாம்பு ஒட்டி வெச்சேன். மறுநாள் பார்த்தா கவரைப் பிரிச்சு லெட்டரை மறுபடி ஃபைல்ல வெச்சிருந்தாரு. நான் ஏன்னு கேட்கல.” கொஞ்சம் நிறுத்தினாள். “அஞ்சு மாசமா கேட்கல. தினமும் உன் மூஞ்சியைப் பார்த்துட்டுச் சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தேன்.”

அவளுக்குத் திட்டவும் தெம்பில்லை.

“அதோட முடிஞ்சிருந்தா இன்னும் கூடச் சும்மாத்தான் இருந்திருப்பேன். என்னைத் தெரியும் எனக்கு” என்று ஓரகத்தி இடுப்பிலிருந்து மடித்த ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். “இன்னொருத்தி இருக்கா. இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. போன்ல பேசி ஆர்டர் எடுக்கற வேலை. அதே பல், அதே பக்கம். எடுத்து ஒன்பது வாரம் ஆச்சு. வாரா வாரம் வந்து உட்கார்ந்துக்கிட்டு, எப்போ சரியாகும்னு கேட்கறா. வந்துடும்னு சொல்லி அனுப்பறாரு.”

அவள் நிமிர்ந்தாள்.

“ஒன்பது வாரமா?”

“ஒன்பது.”

“மூணு மாசத்துக்குள்ளன்னா... இன்னும் நாள் இருக்குக்கா. அந்தப் பொண்ணுக்கு இன்னும் நாள் இருக்கு!”

“அதுக்குத்தான் நம்பரை எழுதிட்டு வந்தேன். எனக்குப் பேச வாய் வரல. நான் பேசினா அவர் பொண்டாட்டின்னு நம்ப மாட்டா. நீ பேசு.”

அவள் நம்பரை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

“ஹலோ, யாருங்க?”

அந்த இரண்டே வார்த்தையில் அவளுக்கு உடம்பு சில்லிட்டது. ‘ரு’வும் ‘ங்க’வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஈரமாக வந்து விழுந்தன. ஏழு மாதமாகத் தன் வாயில் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம்.

“நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையா கேளும்மா. உன் நாக்கு தானா சரியாகாது. பெரிய ஆஸ்பத்திரியில மூணாவது மாடியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. இந்த வாரமே போகணும். தள்ளிப் போடாதே.”

“சரியா புரியலைங்க. யார் பேசறது?”

மறுபடி சொன்னாள். அவசரத்தில் நாக்கு இன்னும் வழுக்கியது. மூன்றாவது தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“உங்களுக்கும் இதே மாதிரியா?” என்றாள் அந்தப் பெண். குரல் மாறியிருந்தது. “அதே டாக்டரா?”

“ஆமாம்மா.”

“எனக்கு அவர் இதெல்லாம் முன்னாடியே சொல்லவே இல்லைங்க. என் நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க யாரு?”

இன்றைக்கு ஒரு பொய் சொல்லியாயிற்று. இன்னொன்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“அந்த டாக்டர் என் வீட்டுக்காரரோட அண்ணன்.”



“அவங்க வீட்டு ஆளா நீங்க?” என்றாள் அந்தப் பெண். “அவங்கதானே பேசச் சொன்னாங்க? நான் கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன்னு யாரோ சொல்லிட்டாங்களா? என்னை வேற எங்கேயாவது அனுப்பிட்டு, உனக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு கை கழுவப் பார்க்கறீங்களா?”

“இல்லம்மா, இல்ல, நான் சொல்றதை...”

தொடர்பு அறுந்தது.

மறுபடி அழுத்தினாள். அணைத்து வைத்திருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. அழுத்தமான, திருத்தமான குரல். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. இன்னொரு தடவை அழுத்தினாள். அதே குரல்.

“அந்தப் பொண்ணு அட்ரஸ்?” என்றாள்.

“அவ ஃபைல்ல இருக்கு” என்றாள் ஓரகத்தி. “டிராயர்ல. நீ போன கொஞ்ச நேரத்துல உன் ஃபைல் இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டாரு. டிராயரைப் பூட்டி சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேட்கல.”

வாசலில் நிழல் தட்டியது. இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அவள் கணவன் நின்றுகொண்டிருந்தான். தலையில் இன்னும் இளஞ்சிவப்புத் தூள். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியவில்லை. அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். தரையில் விரிந்து கிடந்த துண்டுத் தாளைப் பார்த்தான். அதிலிருந்த நம்பரையும் பெயரையும் அவன் படிப்பது அவன் உதட்டில் தெரிந்தது.

“மாமாகிட்ட சொல்லிடாதீங்க” என்றாள் அவள். “அந்தப் பொண்ணுக்காவது...”

அவன் திரும்பிப் படியிறங்கினான். அவள் எழுந்து ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். பின்னறைக்குப் போவதானால் கடைசிப் படியில் இடது பக்கம் திரும்ப வேண்டும்.

அவன் வலது பக்கம் திரும்பினான். அண்ணனின் சிகிச்சை அறைக் கதவு திறந்து, மூடும் சத்தம் கேட்டது.